ஆள் இல்லாத கரை

இந்த நாட்டில் ஓர் இடத்தை ஆள் இல்லாமல் படம் பிடிப்பதுதான், தம்பி, கஷ்டத்திலும் கஷ்டம். மலை நிற்கும், மரம் நிற்கும், காற்று ஓய்ந்தால் தண்ணீர்கூடச் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் முக்காலியை விரித்து, பெட்டியை ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுப்பதற்குள் எங்கிருந்தோ நம்மாள் ஒருத்தன் முளைத்துவிடுவான். வந்தவன் சும்மா போகமாட்டான். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்து, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பான். காஜாங்கிலும் இதே கதை, கண்டியிலும் இதே கதை. ஜாவாவில் ஓர் எரிமலை விளிம்பில்கூட ஒரு தமிழர் வெற்றிலைப் பெட்டியோடு வந்து நின்று, "நான் ரெடி" என்றார்.

நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்காருங்கள், தம்பி பாலன். பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்றதும் என் பயணப் படங்களைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்பது நாகையாவைப் பற்றி. கேட்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருத்தன், சுங்கை வே பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியை வெட்டியது நாகையா இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனானாம். நாகையாவைத் தூக்கில் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. கொலை நடந்த நேரத்தில் தான் கிள்ளான் ஆற்றங்கரையில் நின்றதாகவும், பிரிக்பீல்ட்ஸ் ஸ்டானிஸ்லாஸ், அதாவது நான், தன்னைப் படம் எடுத்ததாகவும் அவன் கடைசிவரை சொன்னான். அது உண்மையா என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அதற்குக் கோயில் இருக்கிறது, சாமியார் இருக்கிறார், நான் போகவில்லை. என் தொழில் எப்படிப்பட்டது என்று விளக்குகிறேன், அவ்வளவுதான்.

என் அப்பா ரயில்வேயில் பாய்லர் தேய்த்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் கரிப்புகைக்குள் வளர்ந்த பிள்ளை நான். இந்த பிரிக்பீல்ட்ஸில் மற்ற படக்கடைக்காரர்கள் கல்யாணம், ஞானஸ்நானம், இழவு வீடு என்று ஓடுவார்கள். நான் இடங்களைத்தான் பிடித்தேன். பத்துமலையில் பனி இறங்கும் நேரம், மழை விட்ட பிறகு கோம்பாக் ஆறு, கிள்ளானில் சுல்தான் அரண்மனைப் பக்கத்து மேடு. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் கப்பல் டெக்கில் படுத்துக்கொண்டு ரங்கூன் போனேன், நாகப்பட்டினத்தில் இறங்கிக் கொடைக்கானல் ஏறினேன். "மனுஷ மூஞ்சிய வித்தாதான்டா சோறு, மலைய எவன் வாங்குவான்?" என்பாள் என் அக்கா மகதலேனா. ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள், தபால் அட்டையாக அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள்.

ஆள் நின்றால் பார்க்கிறவன் கண் நேரே அந்த ஆளிடம் போய்விடும். யார் இவன், என்ன சாதி, ஏன் சட்டை போடவில்லை என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான். அந்தக் கணமே இடம் செத்துவிடும். இதை நான் வெள்ளைக்காரனுக்காகச் சொல்லவில்லை. எனக்கே அப்படித்தான். மனிதர்கள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது, படத்துக்குள் அவர்களுக்கு வேலை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் முதல் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஆறு கடலுக்குத் திரும்புகிற வளைவில் பூகிஸ் மாலுமிகளின் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று பழுது பார்க்க வந்து, பாய் இல்லாமல் நெடுநாள் மொட்டையாக நின்றது. அன்று காலை ஏறிய கடல்நீர் வற்றத் தொடங்கியதும் பாய் விரித்துப் போகப் போகிறது என்று எனக்குச் செய்தி வந்திருந்தது. கரையில் பாக்கோ மரங்கள், இந்தியாவில் அலையாத்தி என்பார்களே, அவை சேற்றில் வேரூன்றி நின்றன. மெல்லிய மேகத்துக்குப் பின்னால் சூரியன். தண்ணீர் முழுக்கப் பால்வெள்ளை, கப்பல் மட்டும் கறுப்பு. இப்படி ஒரு வெளிச்சம் ஒருத்தனுக்கு ஆயுசில் ஒரு தரம் கிடைக்கும், தம்பி. பலருக்கு அதுவும் கிடைக்காது.

அப்போது நாகையா வந்தான். கையில் நண்டுக் கூடை. பெண்டாட்டி மசக்கையாக இருக்கிறாள், நண்டு கேட்டாள், அதனால் விடியுமுன்னே நடந்து வந்தேன் என்று கேட்காமலே சொன்னான். சொல்லிக்கொண்டே நேராகப் போய், தண்ணீர் ஓரத்தில், என் பெட்டியின் முகத்துக்கு எதிரே நின்றான்.

"என்ன தொரே, படம் புடிக்கிறீங்களா?"

"கப்பலப்பா. நீ கொஞ்சம் ஒதுங்கு."

காற்று அவன் பக்கமிருந்து வீசியது, நான் சொன்னது கேட்கவில்லை. கையை வீசிக் காட்டினேன். ஒதுங்கு என்று நான் காட்டியதை, நிமிர்ந்து நில் என்று அவன் எடுத்துக்கொண்டான். கூடையைக் கீழே வைத்தான், வேட்டியை இறக்கிவிட்டான், தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இப்படி நின்னா போதுங்களா?"

எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்க நேரமில்லை. கப்பலில் கயிறு அவிழும் சத்தம், நடுப்பாய் ஏறிவிட்டது. ஓடிப்போய் அவனைத் தள்ளிவிட்டு வருவதற்குள் கப்பல் வளைவைத் தாண்டிவிடும். பெட்டியின் மூடியைத் திறந்து மூடினேன். அவன் அசைந்திருந்தாலாவது மங்கிப் போயிருப்பான், என் வேலையும் மிஞ்சியிருக்கும். மூச்சைக்கூட விடாமல் நின்றான்.

"எடுத்துட்டீங்களா தொரே?" என்று கிட்டே வந்து கேட்டான்.

"எடுத்துட்டேன், போ."

அவனுக்கு ஒரே சந்தோஷம். பெயர் நாகையா, சுங்கை வே பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் என்றான். "எங்க வீரம்மா என்னைப் படம் எடுக்கவே விடாது. எடுத்தா ஆயுசு கொறையுமாம். அதுகிட்ட ஒண்ணு காட்டணும். கடை எங்கங்க?" என்றான். பிரிக்பீல்ட்ஸ் என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு சேற்றுக்குள் போனான்.

எடுத்தேன் என்பதற்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கப்பலை எடுத்தேன் என்று நான் சொன்னேன், தன்னை எடுத்ததாக அவன் நினைத்தான். கடைக்கு வந்து தகட்டைக் கழுவிய பிறகு, படத்திலிருந்து அவனை எடுத்தேன். ஆக, நான் சொன்ன சொல்லை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பொய் இல்லை.

எப்படி எடுப்பது என்றால், சிவப்புச் சாயம்தான். கண்ணாடித் தகட்டில் ஆள் நிற்கிற இடத்தின் மேல் மெல்லிய தூரிகையால் பூசினால், காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக விழும். பின்னால் இருந்தது வெள்ளைத் தண்ணீர், எனவே தண்ணீர் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. ஈரப் பஞ்சால் துடைத்தால் சாயம் போய்விடும், ஆள் திரும்ப வந்துவிடுவான். எல்லாக் கடையிலும் செய்கிறார்கள். மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்பை எடுக்கிறவனைப் பாவி என்று யாராவது சொல்கிறார்களா.

அந்தப் படத்தை லண்டனில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். முதல் பரிசு. பத்திரிகையில் போட்டார்கள். ஒரு கப்பல் கம்பெனி என்னைத் தேடி வந்தது. அவர்கள் செலவில் ஜாவா, சுமத்ரா, இலங்கை, பர்மா எல்லாம் சுற்றி, அவர்களுடைய பயணப் புத்தகத்துக்கு நான் படம் பிடிக்க வேண்டும். பாய்லர் தேய்த்தவர் மகனுக்கு முதல் வகுப்பு அறை. ஆனால் கண்காட்சிக்கு ஒரு விதி இருந்தது. தகட்டில் கைவேலை எதுவும் செய்யக் கூடாது, செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போட்டுக் கொடுத்திருந்தேன். விதியைப் போட்டவர்களுக்குப் பாக்கோ கரையும் தெரியாது, கூடையோடு வருகிறவனையும் தெரியாது.

பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் வீரம்மா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நாகையா அன்று மாலை தோட்டத்துக்குத் திரும்பியதும் பிடித்துக்கொண்டார்களாம். முந்தின நாள்தான் கிராணியோடு சண்டை போட்டு, உன்னை வெட்டுவேன் என்று கூலிக்காரர் குடியிருக்கும் லயமே கேட்கக் கத்தியிருக்கிறான். மறுநாள் காலை, அதே ஞாயிற்றுக்கிழமை, கிராணி வெட்டுப்பட்டான். வேறென்ன வேண்டும் போலீசுக்கு. ஆற்றங்கரையில் ஒருவர் தன்னைப் படம் எடுத்தார் என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவள் முதலில் வயிற்றுப் பிள்ளையோடும் பிறகு கைக்குழந்தையோடும் பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். இடம் பிடிக்கிறவன் கடைக்கு ஆள் படம் தேடி வர அவளுக்குத் தோன்றவில்லை.

"ஐயா, பேப்பர்ல வந்த கப்பல் படம் நீங்க புடிச்சதுங்களா?"

"ஆமாம்மா."

"அதுல எங்க வீட்டுக்காரரு நின்னாருங்கய்யா. தண்ணி ஓரமா. எடுத்துட்டேன் போன்னு நீங்க சொன்னீங்களாம். அந்தக் கப்பலு பாயை விரிச்சது அன்னிக்கு ஒரு காலைலதானாம். அவரு அதுல இருந்துட்டா போதும், உசுரு பொழச்சுக்கும்னு வக்கீலு சொல்றாரு."

படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். குழந்தை கையை நீட்டியது, அது தொடாதபடி இடுப்பை மாற்றிக்கொண்டாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

"இதுல இல்லீங்களே."

"இல்லைம்மா."

"கண்ணாடில இருக்குமாங்கய்யா? கண்ணாடிய கோர்ட்டுக்குக் கேக்கணும்னாரு வக்கீலு."

"கொண்டு வர்றேன்."

"அவரு கண்ணக்கூட சிமிட்டலீங்களாம். சிமிட்டுனா உங்க படம் கெட்டுப்போயிருமேன்னு." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும்.

அவள் படியிறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு இருட்டறைக்குப் போனேன். ஈரப் பஞ்சால் சாயத்தைத் துடைத்தேன். நாகையா இருந்தான். தகட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வீதிக்கு ஓடினால், பாலம் தாண்டுவதற்குள் அவளைப் பிடித்திருக்கலாம். நான் கத்தியை எடுத்தேன். தகட்டின் மேல் இருக்கும் சவ்வைக் கீழிருந்து மேலாகச் சுரண்டினேன். முதலில் கால், பிறகு வேட்டி, கடைசியில் தலை. வெறும் கண்ணாடி வந்ததும் மறுபடியும் சிவப்புச் சாயத்தைப் பூசினேன். படம் பழையபடியே விழுந்தது.

இதுவரை தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள், இப்போது பென்சில் நின்றுவிட்டது. அவள் வருவதற்கு முன்பே செய்துவிட்டேன் என்று நினைத்திருந்தீர்கள். இல்லை, அவள் வந்து போன பிறகுதான். பயந்து செய்தேன் என்று எழுதாதீர்கள். ஒன்று சொல்லுங்கள். அந்தத் தகடு கோர்ட்டில் ஏறி, கூலியாள் ஒருத்தன் அதில் நிற்கிறான் என்று தெரிந்தால், லண்டனில் என்ன பேசுவார்கள்? மலாயாத் தமிழன் திருட்டுப் படத்துக்குப் பரிசு வாங்கிவிட்டான் என்பார்கள். நம்மவர்களில் அதற்குப் பிறகு எவன் அந்தக் கண்காட்சிப் படியை மிதிக்க முடியும்? நான் காப்பாற்றியது என் ஒருவன் மானத்தை மட்டும் இல்லை. ஒருத்தன் உயிர் பெரிதா, ஒரு சனத்தின் பெயர் பெரிதா என்று யாராவது எடை போட்டுத்தானே ஆக வேண்டும். நான் போட்டேன்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கோட்டுப் போட்டுப் போயிருந்தேன். எதிரே நாகையா இருந்தான், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான். அவன் முகம் எனக்கு நினைவில்லை, தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன். இத்தனை தகடு கழுவியவனுக்கு ஒவ்வொரு முகமும் நினைவிருக்காது.

"இந்த ஆளை அன்று படம் எடுத்தீர்களா?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார்.

"நான் ஆட்களை எடுப்பதில்லை. ஊருக்கே தெரியும்."

"கரையில் பார்த்தீர்களா?"

"கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கப்பல்தான் தெரியும்."

வக்கீல் கெட்டிக்காரர். தகட்டில் சிவப்பு இருப்பதைப் பார்த்துவிட்டார். ஈரத் துணி கேட்டு, எல்லார் முன்னிலையிலும் துடைத்தார். கீழே வெறும் கண்ணாடி. இது என்ன என்றார். இந்த நாட்டுச் சூட்டில் தகட்டுச் சவ்வு இளகி அங்கங்கே உரிந்துவிடும், உரிந்த இடத்தை மறைக்கச் சாயம் பூசுவோம், மறைத்ததைக் கண்காட்சிக்காரர்களுக்குச் சொல்லாதது என் தவறுதான் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். அதுவும் என்னிடம் இருக்கிற மற்றத் தகடுகள் பலவற்றுக்கு உண்மை. நீதிபதி துரையும் பொழுதுபோக்குக்குப் படம் பிடிக்கிறவர். தன்னுடைய தகடுகளும் இப்படித்தான் உரிந்து தொலைகின்றன என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். உரிந்த இடத்தை மறைத்ததைக் கைவேலை என்று யாரும் பெரிதாக்கவில்லை, லண்டனுக்கும் ஒருவரும் எழுதிப் போடவில்லை.

நாகையா மட்டும் கத்தினான். "தொரே, எடுத்துட்டேன் போன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க வாயால சொன்னீங்களே." மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தடுமாறி, கைதி ஏதோ எடுத்ததாகச் சொல்கிறார் என்று முடித்துவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டியது என் வேலையா.

இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எழுதலாம் என்று யோசிக்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் வரிசையாகப் பாருங்கள். கிராணியை வெட்டியவன் ஆஸ்பத்திரியில் செத்தவன். தீர்ப்பு எழுதியது நீதிபதி. கயிற்றை இழுத்தது சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நான் என் படத்தைச் சுத்தம் செய்தேன். அதே படம் இன்றைக்கும் லண்டனில் ஒரு மண்டபத்தில் தொங்குகிறது. அதன் முன்னால் நிற்கிறவர்கள் எவ்வளவு அமைதி, எவ்வளவு தனிமை என்கிறார்களாம். நாகையா அதில் நின்றிருந்தால் அது அங்கே ஏறியே இருக்காது, அவனையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், படத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் முடிந்த பிறகு வீரம்மா மறுபடி கடைக்கு வந்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் பரவாயில்லை, அந்தக் காகிதப் படமாவது ஒன்று கிடைக்குமா என்றாள். நல்ல தாளில், கவனமாக, ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. அடுத்த கப்பலில் ஜாவாவுக்குப் போய்விட்டேன். எரிமலை, அரிசி வயல், கோயில், எல்லாம் பிடித்தேன். ஒரு தூக்கமும் கெடவில்லை.

செந்தூலில் வீரம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறீர்களா? சொல்லவே இல்லையே. படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாளா? நல்லது, பூச்சி அரிக்காது. நாகையாவுக்கு வேறு படமே இல்லை என்பதால் அதற்கே மாலை போடுகிறாளாக்கும். திதிக்குத் திதி அதன் முன்னால்தான் இலை போட்டுப் படைக்கிறாளா? அப்பா இங்கேதான் நிற்கிறார் என்று மகளுக்குக் காட்ட, கண்ணாடி மேல் குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறாளா?

எந்த இடத்தில்? இதோ, என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. விரலை வைத்துக் காட்டுங்கள்.

கப்பலின் மூக்குக்கு நேர் கீழேயா? இல்லை, தம்பி. அங்கே வெறும் தண்ணீர்தான். இன்னும் ஒரு விரல்கடை இடப்பக்கம் தள்ளி, அந்த வளைந்த வேருக்கு மேலே. தலை சரியாக இங்கே வரும். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு ஆறியிருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. பொட்டை மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.